4480 பேரை அடக்கம் செய்த போதகர்: மார்ட்டின் ரிங்கார்ட்டின் வாழ்வும் ஒரு நன்றிப் பாடலும்

1637ஆம் ஆண்டு, ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள ஐலன்பேர்க் என்ற சிறிய நகரத்தில் ஒரு போதகர் 4480 பேருக்கு இறுதிச் செபம் சொல்லி அடக்கம் செய்தார். சில நாட்களில் 40, 50 பேர். அந்த ஆண்டின் மே மாதம் 8ஆம் திகதி அவருடைய மனைவியும் இறந்துபோனார். அதன் பின்னரும் அவர் குழிகளின் ஓரத்தில் நின்றுகொண்டேயிருந்தார். அவருடைய பெயர் மார்ட்டின் ரிங்கார்ட். உலகெங்கும் புரட்டஸ்தாந்து ஆலயங்களில் இன்றுவரை பாடப்படும் மிகப் பிரபலமான ஒரு நன்றிப் பாடலை எழுதியவரும் இவரே.

இந்த மனிதரைப் பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் அந்தப் பாடலல்ல. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த நம்மிடையே, மற்றவர்களைத் தேற்றும் வேலையைத் தங்கள் தோளில் ஏற்றுக்கொண்ட பலர் இருக்கிறார்கள். பாதிரியார்கள், அருட்சகோதரிகள், போதகர்கள், உபதேசியார்கள், தாதிமார், ஆசிரியர்கள். அவர்கள் நம் வீட்டுக்கு வந்து நம் இழப்பை விசாரிக்கிறார்கள். அவர்களுடைய வீட்டில் யார் இல்லாமல் போனார் என்று நாம் கேட்பது குறைவு. தன் துக்கத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு மற்றவர்களின் துக்கத்துக்குள் போகிற ஒரு மனிதனுக்கு என்ன நடக்கிறது? அந்தக் கேள்விக்கு ரிங்கார்ட்டின் வாழ்க்கை ஒரு நேர்மையான பதிலைத் தருகிறது என்று நினைக்கிறேன்.

ரிங்கார்ட் 1586 ஏப்ரல் 23ஆம் திகதி ஐலன்பேர்க்கிலேயே பிறந்தார். தகப்பனார் மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி. பையனுக்கு நல்ல குரல் இருந்தது. லைப்சிக் நகரின் புனித தோமையார் பாடசாலையில் பாடகர் குழுவில் சேர்ந்தார். பிற்காலத்தில் இசைமேதை பாக் பணியாற்றிய அதே பாடசாலைதான் அது. பிறகு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார்.

படிப்பு முடிந்ததும் சொந்த ஊரில் போதகப் பணி கேட்டார். நகரசபை அவருடைய பெயரைச் சிபாரிசு செய்தது. திருச்சபையின் மேலதிகாரி மறுத்துவிட்டார். இவர் இறையியலாளரை விட நல்ல இசைக்காரர் என்பது சொல்லப்பட்ட காரணம். ஊர்க்காரன், அதிலும் தனக்கென்று ஒரு மனம் உள்ளவன், தனக்குக் கீழே வேலைக்கு வருவதை அந்த மேலதிகாரி விரும்பவில்லை என்பதே உண்மைக் காரணம் என்று வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ரிங்கார்ட் வேறிடம் போனார். மார்ட்டின் லூதர் பிறந்த ஊரான ஐஸ்லேபனில் ஆசிரியராகவும் பாடகர் குழுத் தலைவராகவும் இருந்து, பின்னர் அங்கேயே போதகப் பணிக்கு வந்தார். 1612இல் கிறிஸ்டினா மோர்கன்ஸ்டேர்ன் என்பவரைத் திருமணம் செய்தார். பக்கத்துக் கிராமமொன்றிலும் சில ஆண்டுகள் ஊழியம் செய்தார். நாடகங்கள் எழுதினார், கவிதைகள் எழுதினார். 1617இல் ஐலன்பேர்க் அவரைத் திரும்ப அழைத்தது. சொந்த ஊரில் ஆர்ச்டீக்கன் என்ற பதவி. வயது 31.

அடுத்த வருடம் யுத்தம் தொடங்கியது.

முப்பது ஆண்டு யுத்தம் என்று வரலாறு அதை அழைக்கிறது. 1618இல் தொடங்கி 1648இல் முடிந்தது. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தினருக்கும் இடையிலான சண்டையாகத் தொடங்கியது, சில ஆண்டுகளில் அரசர்களின் சண்டையாக மாறிவிட்டது. சண்டையிட்ட படைகளுக்கு ஒழுங்கான சம்பளம் இல்லை, ஒழுங்கான உணவு வழங்கலும் இல்லை. எந்த ஊரில் தங்குகிறதோ அந்த ஊரின் தானியத்தையும் மாட்டையும் பணத்தையும் எடுத்தே ஒரு படை வாழ்ந்தது. தன் தரப்புப் படையா எதிர்த்தரப்புப் படையா என்பது ஒரு கமக்காரனுக்குப் பெரிய வித்தியாசமாக இருக்கவில்லை.

சக்சனியின் கதை இன்னும் மோசமானது. முதலில் சுவீடனோடு சேர்ந்து நின்ற சக்சனியின் ஆட்சியாளர், 1635இல் பிராக் நகரில் பேரரசரோடு சமாதானம் செய்து மறுபக்கம் போனார். நேற்றுவரை நண்பர்களாக இருந்த சுவீடன் படையினருக்கு சக்சனி மக்கள் அன்றிலிருந்து எதிரிகள். 1636 ஒக்டோபரில் விட்ஸ்டொக் என்ற இடத்தில் பெருவெற்றி பெற்ற சுவீடன் தளபதி யொஹான் பனேர், 1637இன் தொடக்கத்தில் சக்சனிக்குள் புகுந்து லைப்சிக்கை முற்றுகையிட்டார். மேலே இருப்பவர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின் விலையைக் கீழே இருந்தவர்கள் கொடுத்தார்கள். இதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐலன்பேர்க் லைப்சிக்குக்கு வடகிழக்கே, முல்டே ஆற்றோரம் இருக்கும் நகரம். அதற்கு மதில் இருந்தது. அந்த மதில்தான் அதன் சாபமாகவும் ஆனது. சுற்றுக் கிராமங்கள் எரிய எரிய, சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மதிலுக்குள் ஓடி வந்தார்கள். ஊரவர்களுக்கே போதாத இடத்தில் அகதிகள் நிறைந்தார்கள். சனம் நெருங்கி, தண்ணீர் கெட்டு, உணவு குறைந்த இடத்துக்கு நோய் வருவதற்கு வழி கேட்கத் தேவையில்லை. 1637இல் கொள்ளைநோய் வந்தது. ஏறத்தாழ 8000 பேர் செத்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது. இது ஒரு பெருநகரத்தின் கணக்கல்ல, ஒரு சிறு நகரத்தினதும் அங்கு தஞ்சம் புகுந்தவர்களினதும் கணக்கு.

ஊரில் ரிங்கார்ட் மட்டும் போதகராக இருக்கவில்லை. திருச்சபையின் மேற்பார்வையாளர், காற்று மாற்றத்துக்கென்று சொல்லி வெளியூர் போனார். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் நின்றார்கள், செத்தார்கள். 1637 ஓகஸ்ட் 7ஆம் திகதி நான்கு போதகர்களின் அடக்கத்தை ரிங்கார்ட் நடத்தினார். இருவர் அந்த நகரத்தின் போதகர்கள். மற்ற இருவர் தங்கள் கிராமப் பங்குகளை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர்கள். அதற்குப் பிறகு சில காலம், அந்த நகரத்தில் உயிரோடிருந்த ஒரே போதகர் அவர்தான்.

இந்தத் திகதிகளைச் சேர்த்துப் பாருங்கள். மே 8இல் மனைவி இறக்கிறார். ஓகஸ்ட் 7இல் தன்னோடு ஊழியம் செய்தவர்களைப் புதைக்கிறார். இரண்டுக்கும் இடையில் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் சாவு நிற்கவில்லை. வீட்டில் தாயில்லாத பிள்ளைகள். வெளியே ஒவ்வொரு நாளும் காத்திருக்கும் உடல்கள். எட்டாம் நாளோ முப்பத்தோராம் நாளோ வைத்துத் துக்கம் காக்க அந்த ஊரில் யாருக்கும் நேரம் கிடைத்திருக்காது. துக்கம் காப்பதற்கும் கொஞ்சம் பாதுகாப்பும் கொஞ்சம் ஓய்வும் வேண்டும். அது நம்மில் பலருக்குத் தெரியும்.

ஒரு கட்டத்தில் ஒவ்வொருவராக அடக்கம் செய்வதும் முடியாமல் போனது. அகதிகளின் உடல்கள் அகழிபோல வெட்டிய நீண்ட குழிகளில், செபமும் இல்லாமல் போடப்பட்டன. நான் இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது மேலே போக முடியாமல் நின்ற இடம் இதுதான். 2009 ஏப்ரலில் எங்கள் பெரியம்மாவை நாங்கள் வைத்தது, அவர் இருந்த பங்கருக்குள்ளேயே. பாதிரியார் இல்லை, ஐயர் இல்லை, பறை இல்லை. சீலை ஒன்றால் மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டு, அடுத்த ஷெல் வருவதற்கு முன் ஓடினோம். அந்த இடம் எதுவென்று இன்று காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. சேமக்காலையில் ஒரு கல்லறை இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது கல்லறை இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

ரிங்கார்ட்டின் 4480 என்ற எண்ணை நான் இப்படித்தான் பார்க்கிறேன். அது ஒரு மனிதரின் உழைப்பின் அளவு மட்டுமல்ல. சாவு மலிந்துபோன ஒரு வருடத்திலும் யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 8000 பேரில் 4480 பேருக்காவது ஒரு மனிதர் வந்து நின்று, இவர் நம்மிலொருவர், கடவுளின் பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். எஞ்சியவர்கள் அந்தக் கணக்குக்கு வெளியே போய்விட்டார்கள். அவர்களில் அநேகர் இடம்பெயர்ந்து வந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். செத்த பிறகும் அகதிகள் அகதிகளாகவே இருந்தார்கள்.

கணக்கு வைப்பதும் ஓர் ஊழியம் என்பதை நமக்குக் காட்டிய ஒருவர் நம்மிடையேயும் இருந்தார். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு எளிய கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிப் பதிவுகள் சொன்ன சனத்தொகை 429,059. பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. செபம் சொல்ல முடியாமல் போனவர்களுக்காகக் கணக்காவது கேட்பது ஒரு மேய்ப்பனின் வேலை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கொள்ளைநோய் ஓய்ந்ததும் பஞ்சம் வந்தது. விதைக்க ஆளில்லை, மாடில்லை, விதையுமில்லை. செத்த பூனைக்காகவும் காகத்துக்காகவும் 30, 40 பேர் தெருவில் அடிபட்டதைக் கண்டவர்கள் இருந்தார்கள். ரிங்கார்ட், நகர முதல்வர், இன்னுமொரு குடிமகன் ஆகிய மூவரும் சேர்ந்து முடிந்தளவு நிவாரணம் ஒழுங்கு செய்தார்கள். ரிங்கார்ட்டின் வாசலில் எப்போதும் பட்டினிக் கூட்டம். தன் பிள்ளைகளுக்கு உயிர்பிடிக்க வேண்டிய அளவை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியைக் கொடுத்தார். கொடுக்க ஒன்றுமில்லாமல் போய், பிள்ளைகளின் பாணுக்கும் உடுப்புக்குமாக, வரப்போகும் சில வருடங்களின் வருமானத்தை முன்கூட்டியே அடகு வைத்துக் கடன் பட வேண்டியிருந்தது. அவருடைய வீட்டிலும் படையினர் மாறி மாறித் தங்கினார்கள். இருந்த பொருட்களும் கொள்ளை போயின.

1639 பெப்ரவரியில் சுவீடன் படை மீண்டும் வந்தது. டோர்ப்லிங் என்ற கேணல் தர அதிகாரி, நகரத்தை விட்டுவைக்க 30,000 தாலர் கப்பம் கேட்டார். பூனை இறைச்சிக்கு அடிபட்ட ஊரிடம் கேட்கப்பட்ட தொகை அது. ரிங்கார்ட் மதிலைத் தாண்டி முகாமுக்கே போய் இரந்து கேட்டார். அதிகாரி அசையவில்லை. அப்போது ரிங்கார்ட் தன்னோடு வந்த சனத்தின் பக்கம் திரும்பி, மனிதரிடம் நமக்கு இரக்கம் கிடைக்கவில்லை, கடவுளிடம் போவோம் என்ற கருத்தில் சொல்லிவிட்டு முழந்தாளிட்டார். சனம் அழுதுகொண்டே பாடியது, செபித்தது. கடைசியில் 30,000 என்பது 2000 ஃபுளோரினாகக் குறைந்தது.

இந்தச் சம்பவத்தை ஒரு அற்புதமாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். கப்பம் இல்லாமல் போகவில்லை, 2000 கட்டியே ஆகவேண்டியிருந்தது. ரிங்கார்ட் செபத்தோடு நின்றுவிடவும் இல்லை. முதலில் போய்ப் பேசினார். ஆயுதம் வைத்திருப்பவனின் முன்னால், வெறுங்கையோடு, தன் சனத்துக்காகப் பேசினார். முடியாமல் போனபோது அந்தச் சனத்தோடு சேர்ந்து நிலத்தில் முழந்தாளிட்டார். வன்னியில் கடைசி நாட்கள்வரை சனத்தோடு நின்ற குருமாரைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை.

இனி அந்தப் பாடலுக்கு வருவோம். ஜேர்மன் மொழியில் அதன் பெயர் நுன் டாங்கெட் அல்லெ கொட். எல்லோரும் இப்போது கடவுளுக்கு நன்றி கூறுவோம் என்று அழைக்கும் பாடல். மேடைகளிலும் பிரசங்கங்களிலும் அடிக்கடி சொல்லப்படும் கதை இது: ரிங்கார்ட் மனைவியைப் புதைத்துவிட்டு வந்து, பிணங்களின் நடுவே உட்கார்ந்து இந்த நன்றிப் பாடலை எழுதினார். வேறு சிலர், 1648இல் சமாதானம் வந்தபோது எழுதினார் என்பார்கள். இரண்டும் உள்ளத்தைத் தொடும் கதைகள். ஆனால் ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது, இந்தப் பாடல் 1636இல் வெளிவந்த அவருடைய பக்தி நூலிலேயே இடம்பெற்றது என்பதாகும். அங்கே அது ஒரு சிறிய சாப்பாட்டுச் செபம். பிள்ளைகளோடு மேசையில் இருந்து உண்ட பின் சொல்வதற்கானது. அதன் முதலிரண்டு பாகங்களின் கருத்து, சீராக்கின் ஞானம் நூலின் 50ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. மூன்றாவது பாகம் திரித்துவப் புகழ்ச்சி.

அப்படியானால் அது கொள்ளைநோய்க்கு முந்திய பாடல். அவ்வளவுதானே, திகதியில் ஒரு திருத்தம் என்று கடந்துபோகலாம். எனக்கு அது பெரிய விடயமாகப் படுகிறது. ஏனென்றால் முதல் கதை, துன்பப்பட்டவர்களிடம் ஒரு கடினமான காரியத்தைக் கேட்கிறது. பிணத்தின் பக்கத்தில் நின்று நன்றி சொன்னவரைப் பார், நீயும் சொல் என்கிறது. முகாமில் இருந்தபோது, உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லுங்கள் என்று வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த ஒரு தாயிடமும் அது சொல்லப்பட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை.

ரிங்கார்ட்டின் உண்மையான வாழ்க்கை அப்படிக் கேட்கவில்லை. சாப்பாடு இருந்த நாளில் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். அந்தப் பாடலிலும் கடவுள் தங்களைக் குழப்பத்திலிருந்தும் துன்பத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்ற மன்றாட்டு இருக்கிறது. அதாவது துன்பம் இருக்கிறது என்று அந்தப் பாடலே ஒத்துக்கொள்கிறது. சாவு வந்த வருடத்தில் அவர் செய்ததாக நமக்கு எட்டியிருப்பவை அடக்கம் செய்ததும், பசித்தவனுக்குக் கொடுத்ததும், கடன்பட்டதும், அதிகாரியிடம் போய் இரந்ததும்தான். தன் துக்கத்தை ஒரு பாடமாக்கி அவர் யாருக்கும் விற்கவில்லை. அந்தச் செபத்தை அவருடைய வீட்டு மேசையில் அதற்குப் பிறகு சொன்னபோது, அங்கே ஒருவர் குறைவாக இருந்தார் என்பதை மட்டும் நாம் அறிவோம். பாடல் மாறவில்லை, அதைப் பாடியவர்கள் மாறிப்போனார்கள். அதிலுள்ள விசுவாசம், பிணக்குவியலின் நடுவே பிறந்தது என்ற கதையை விட எனக்கு நெருக்கமானது.

மனம் உடைந்த நிலையிலும் ஊழியத்தைத் தொடர்வது பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். ரிங்கார்ட் அதற்கு விலை கொடுத்தார். அவர் இரும்பு மனிதரல்ல. யுத்தம் தணிந்த நாட்களில், தாம் காப்பாற்றிய அதே ஊரின் நகரசபை வரிகளையும் கட்டணங்களையும் கேட்டு அவரைத் தொல்லைப்படுத்தியது. 1648 ஒக்டோபர் 24ஆம் திகதி வெஸ்ட்பாலியா சமாதானம் கைச்சாத்தானபோது அவருக்கு 62 வயது. களைத்து, வயதுக்கு மீறி முதுமையடைந்து போயிருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். ஓராண்டு கழிந்து, 1649 டிசம்பர் 8ஆம் திகதி இறந்தார். சமாதானத்தைக் கண்டார், அதில் வாழக் கிடைக்கவில்லை.

பாடல் அவரைவிட நெடுங்காலம் வாழ்ந்தது. யொஹான் குரூகர் என்ற இசைவாணரின் பெயரால் அறியப்படும் மெட்டு அதற்கு அமைந்தது. 1757 டிசம்பரில் லொய்த்தன் போரில் வென்ற பிரசியப் படைவீரர்கள் போர்க்களத்தில் நின்று அதையே பாடினார்கள். படைகளால் அழிந்த ஒரு வீட்டின் சாப்பாட்டுச் செபம், ஒரு படையின் வெற்றிப் பாடலானது. பாக் அதைத் தன் இசையில் சேர்த்தார். 1840இல் மெண்டல்சோன் தன் புகழ்ச்சிப் பாடல் சிம்பொனியில் பயன்படுத்தினார். 1858இல் கதரின் விங்க்வேர்த் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பின் அது உலகம் முழுவதும் போனது. ஐலன்பேர்க்கில் அவருடைய வீட்டில் ஒரு நினைவுப் பலகை 1886ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை பதிக்கப்பட்டது. அவர் இறந்து 236 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நினைவுப் பலகைகள் பிந்தித்தான் வருகின்றன. அதற்கு முன்னர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த மே மாதமும் நமது ஊர்களில் விளக்கேற்றப்படும், கஞ்சி காய்ச்சப்படும், செபங்கள் சொல்லப்படும். அவற்றை முன்னின்று நடத்துபவர்களில் பலர், தங்கள் தம்பியையோ பிள்ளையையோ அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். மற்றவர்களின் பெயர்களை வாசித்து முடிக்கும்வரை அவர்களின் குரல் தளராது. வாசித்து முடிந்து, கதிரைகளை அடுக்கி வைக்கும் நேரத்தில், அவர்களுக்குப் பக்கத்தில் போய், உங்கள் வீட்டில் யார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை நில்லுங்கள். 1637இல் ஐலன்பேர்க்கில் அதைச் செய்ய யாருக்கும் அவகாசம் இருந்திருக்காது. நமக்கு இப்போது இருக்கிறது.